எண்பத்து மூன்று இலை

ஜனவரி 7, செவ்வாய்

பொங்கல் நெரிசலுக்கு டைமிங் போட்டு முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது. எங்கள் பஸ் கம்பெனிக்குச் சிதம்பரம் – கடலூர் தடத்தில் எட்டு வண்டி. ஒன்று பட்டறையில் நிற்கிறது. மீதி ஏழு வண்டியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒன்று விடலாமே என்கிறார் மேனேஜர் சார்லஸ். போய்த் திரும்பி நின்று கிளம்ப மூன்று மணி நேரம் ஆகிறது சார், ஏழு வண்டி என்றால் இருபத்தாறு நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும், பத்து நிமிடம் வேண்டுமானால் பதினெட்டு வண்டி வாங்குங்கள் என்றேன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு எதற்குத் தட்டினார்?

சாப்பாட்டு நேரத்தில் புது டிரைவர் கண்ணாயிரம் செல்போனை நீட்டினார். "மேடம், இத்தப் பாருங்க, வயிறு வலிக்கிது." யாரோ வெளிமாவட்டத்துப் பட்டிமன்றப் பேச்சாளர். "வளைகாப்புக்கு மூணு பந்தி, பந்திக்கு எம்பது பேரு, எத்தினி எலைடி வேணும்னு எம் பொண்டாட்டியக் கேட்டேன். எம்பத்திமூணுங்குறா!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. சார்லஸ் என்னைப் பார்த்தார், உடனே ஃபைலைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கண்ணாயிரத்துக்குத் தெரியாது. "எவன் பொண்டாட்டியோ, பாவம்" என்றார்.

நானும் சிரித்தேன். பதினாறு வருடப் பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 8, புதன்

அந்த வீடியோவை இன்று பஸ்ஸில் மறுபடி பார்த்தேன். அந்த ஆள் என் வாயில் நாலு வசனம் கூடுதலாகப் போட்டிருக்கிறார். எனக்கே சிரிப்பு வந்தது. அதுதான் எரிச்சல்.

ஜனவரி 15, புதன். மேல்பட்டாம்பாக்கம்

மாட்டுப் பொங்கலுக்கு மாமனார் வீடு. வாசலில் இறங்கியதுமே நாத்தனார் எழிலரசியின் சின்னவன் "எம்பத்திமூணு அத்தை வந்தாச்சு" என்று கத்தினான். ஐந்து வயது. அதற்கு என்ன அர்த்தம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எனக்கு அருள்மொழி என்று ஒரு பெயர் இருப்பதும் தெரியாது.

சரி, நடந்ததை ஒரு தரமாவது எழுதிவைக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எழிலரசிக்கு வளைகாப்பு. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கடலூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வந்த மருமகள். மண்டபத்தில் மூன்று பந்தி, பந்திக்கு எண்பது பேர். இருநூற்று நாற்பது இலை, கிழிசலுக்குப் பத்து சேர்த்து இருநூற்றைம்பது என்று நான்தான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பண்ருட்டிக்கு இலை வாங்கப் போனவர் இவர். சீட்டைச் சட்டைப்பையில் வைத்து, சட்டையை வீட்டிலேயே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். கடையில் நின்றுகொண்டு மனக்கணக்கு. இரண்டு எண்பது நூற்று அறுபது, மேலே ஒரு இருபது கிடக்கட்டும் என்று நூற்றெண்பது இலையோடு வந்து இறங்கினார். மூன்றாவது பந்தி எங்கே போனது என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது.

அன்று பார்த்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டு வேன் வழியில் நின்றுபோய், அவர்கள் மூன்றாவது பந்தியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. இருபது பேருக்கு இலை. அறுபது பேர் வெறும் பேப்பர் விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் வாளியோடு பையன்கள் நிற்கிறார்கள். எல போடக்கூட வக்கில்லாத வீடா என்று சம்பந்தி எழுந்துவிட்டார். மாமனார் ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். "எவன்டா எல வாங்குனவன்?" என்று கையை ஓங்கிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். இவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வயது ஆள், அரசுப் பள்ளித் தமிழாசிரியர், சின்னப் பையனைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மாமா, நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் யாரோ, "கணக்குப் படிச்ச பொண்ணுப்பா!" என்றார்கள். மண்டபமே சிரித்தது. சம்பந்தி சிரித்தார், உட்கார்ந்தார். மாமனார் கையை இறக்கிவிட்டார். மருமகளை அடிக்க முடியாதே. பக்கத்து ஹோட்டலிலிருந்து இலை வந்தது. அன்று ராத்திரி இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

ஆறு மாதம் கழித்து இவருக்கு முதல் பட்டிமன்ற மேடை. நூற்றெண்பது என்று சொன்னால் மேடையில் சிரிப்பு வராதாம். எண்பதும் மூன்றும் எண்பத்து மூன்று என்று என் மனைவி கூட்டிவிட்டாள் என்றால்தான் வருமாம். எனக்கு அப்போது எட்டாம் மாதம், இளமதி வயிற்றில். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

ஜனவரி 24, வெள்ளி

இளமதி பத்தாம் வகுப்பு. அரையாண்டில் கணக்கு 29. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அரைநாள் லீவு.

கணக்கு டீச்சர் இசைவாணிக்கு என் மகள்மேல் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நல்ல பொண்ணுங்க. ஆனா எத்தக் கேட்டாலும் ஒரு ஜோக் அடிச்சிடுது. போர்டுக்கு வான்னா, 'மிஸ், எங்க வீட்ல கணக்கு ஜீன்லயே கெடயாது, எங்கம்மாவ யூடியூப்ல பாருங்க'ங்குது. கிளாஸே சிரிக்கிது. நானும் சிரிச்சிடறேன், பொய் சொல்லக்கூடாது. அப்புறம் பெல் அடிச்சிடுது."

நானும் பி.எஸ்சி. கணிதம்தான் என்று சொன்னேன். அதையும் ஒரு ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஏழாம் வகுப்பிலிருந்து ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். நோட்டின் பின்பக்கம் எல்லாம் வீடு வரைந்து வைத்திருப்பாள், படிக்கட்டு எங்கே, ஜன்னல் எங்கே என்று அளவு குறித்து. பதினொன்றில் கணக்கு எடுக்காமல் அந்தப் படிப்புக்குப் போக முடியாது. திரும்பி வரும்போது கேட்டேன். "அதெல்லாம் சும்மாம்மா. காமர்ஸ் எடுத்துக்கறேன். எனக்கு உன் மூளை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் அவர் கொடியேற்றிவிட்டு வந்ததும் சொன்னேன். இனிமேல் மேடையில் அது வேண்டாம்.

"எது?"

"எது-ன்னு தெரியாதா?"

"அருளு, அது இல்லாம ஜனங்க எறங்க வுட மாட்டேங்குறாங்க. சீட்டு எழுதி அனுப்புறாங்க, எம்பத்திமூணு சொல்லுங்கன்னு. யாரையும் புண்படுத்தலியே. உன்னயத்தான சொல்றேன்."

உன்னயத்தான சொல்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, சோறு ஆறிவிட்டது என்று முகம் சுளித்ததில்லை. அப்பாவின் கைக்குப் பயந்து வளர்ந்தவர் யாரையும் பயமுறுத்தக்கூடாது என்று இருக்கிறார். அதனால்தான் எனக்கு இத்தனை வருடம் சண்டை போட வாயே வரவில்லை.

இளமதியின் மார்க்கைச் சொன்னேன். "சரி, விட்டுடறேன்" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வேறு சிரிப்பு தேடுகிறார். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து மச்சான் ஜோக், மாமியார் ஜோக் எல்லாம் எழுதிப் பார்த்தார். என்னிடம் படித்துக் காட்டினார். ஒன்றும் தேறவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச லீவு. இளமதியை உட்காரவைத்தேன். கோபுரத்தின் அடியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார், உச்சியை அறுபது டிகிரியில் பார்க்கிறார், கோபுரத்தின் உயரம் என்ன? அரை மணி நேரம் வரைந்தாள். ஏழு நிலை, கலசம், ஒவ்வொரு நிலைக்கும் வாசல், கீழே நிற்கிற ஆளுக்குக் குடை. அத்தனை அழகு. கோணத்தைக் குறிக்கவில்லை.

"படம் சரி. கணக்கு?"

"படம் அப்பா சைடு. கணக்கு உன் சைடும்மா. அங்க ஸ்டாக் இல்ல."

கத்திவிட்டேன். வாயில் வந்ததெல்லாம். யார்றீ ஒனக்குச் சொன்னது எனக்குக் கணக்கு வராதுன்னு, எட்டு வண்டிய ஓட்டிட்டு இருக்கறது யாரு, நீ கேலி பண்றது என்னய இல்ல ஒன்னயே — இன்னும் என்னென்னவோ. அவள் பேனாவை மூடினாள். "நீதானம்மா எல்லாரோடயும் சேந்து சிரிக்கிற" என்றாள்.

அவள் வரைந்த கோபுரத்தை நோட்டோடு எடுத்து அலமாரியில் வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

இப்போதெல்லாம் இது எங்கே எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள் ஒன்று அனுப்பினாள், அதில் இலை இல்லை, எண்பத்து மூன்று இட்லி. சார்லஸின் சர்ச் குரூப்பில் வந்ததில் மனைவிக்குப் பதிலாகக் கிளார்க். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாருக்கோ சொன்னதில் என் படிப்பு பி.எஸ்சி.யிலிருந்து எம்.எஸ்சி.க்குப் போயிருந்தது. படித்தது கூடக் கூட சிரிப்பும் கூடுகிறது போலிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். கணக்கு வராது என்று சொல்ல யாருக்குமே வெட்கம் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது என்று ஒருவரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. பிளவுஸ் தைக்கிற தைலம்மாள் நேற்று ஒரு மீட்டர் துணியில் கை, முதுகு, பட்டி எல்லாவற்றையும் ஓரம் மிச்சமில்லாமல் வெட்டிக்கொண்டே, "எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராதும்மா" என்றார். கையில் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் இவரிடம் முதலில் இதைச் சொன்னது? ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு வாத்தியார் சொல்லியிருப்பார். சொன்னவர் மறந்திருப்பார்.

எனக்கு மட்டும் சொன்னவள் யார் என்று தெரியும். நானேதான்.

மார்ச் 12, புதன். கிள்ளை

மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கிள்ளைக் கடலுக்கு வந்துவிட்டுப் போன கூட்டம் கலையாமல் இருக்க, சாயங்காலம் ஐந்து மணிக்கே பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா. அதே தலைப்பு, அதே தீர்ப்பு. அவர்தான், "நீங்க ரெண்டு பேரும் வாங்க, புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்" என்று கூட்டிப்போனார்.

புதியது எடுபடவில்லை. மச்சான் ஜோக்குக்கு நாலு பேர் சிரித்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. பின்னாலிருந்து ஒருத்தன், "தலைவா, எம்பத்திமூணு!" என்றான். அவர் வியர்வையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. மேடையிலிருந்து பார்த்தால் அது சரி என்பதுபோலத் தெரிந்ததோ என்னவோ.

சொன்னார். அதோடு நிற்கவில்லை. "நம்ப மாட்டீங்களே, அதோ உக்காந்திருக்காங்க பாருங்க, மூணாவது வரிசை, பச்சைப் புடவ" என்றார். அத்தனை தலையும் திரும்பியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் தொடையில் தட்டி, "வுடும்மா, எனக்குந்தான் வராது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இந்தப் பக்கம் இளமதி சிரித்துக்கொண்டிருந்தாள், எழுந்து கூட்டத்துக்குக் கையும் காட்டினாள்.

நான் சிரிக்கவில்லை. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலை. இளமதி தட்டில் இட்லியோடு. அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் சத்தமே போடவில்லை, சத்தம் போடுகிற தெம்பு இல்லை.

"அன்னிக்கி எல வாங்கப் போனது யாருங்க?"

கண்ணாடியில் அவர் கை நின்றது. "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. எத்தினி எல வாங்குனீங்க? நான் எழுதிக் குடுத்த சீட்டு எந்தச் சட்டப் பையில இருந்துது?"

இளமதி எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்பா, நெஜமாவா?"

அவர் முகத்தில் பாதி நுரை. பொய் சொல்லியிருக்கலாம், அவருக்கா வார்த்தை வராது? "ஆமாம்மா. நான்தான். தாத்தா அடிச்சிருப்பாரு, அம்மா காப்பாத்துனா" என்றார். மீதி முகத்தை வழிக்காமலேயே கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

மார்ச் 15, சனி

இரண்டு நாளாக இளமதி என்னிடம் பேசவில்லை. அவரிடம் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். கோபம் என்மேல்.

இன்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்தாள். "நீ சொல்லலன்னா என்ன ஆயிருக்கும்?"

"தாத்தா ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. திட்டியிருப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாயங்காலம் எல்லாம் மறந்திருக்கும்."

"ஒரு நாள் திட்டுக்குப் பதினாறு வருசமாம்மா?"

மடித்த துணியையே மறுபடி மடித்தேன். "கணக்கு வராதுங்குற பேர எனக்கும் சேத்துத்தான் குடுத்துட்ட" என்றாள். அழுதாள். நானும். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் கோபுரத்த எடு" என்றாள். கணக்குப் பரீட்சைக்கு இன்னும் இருபத்துமூன்று நாள். பதினாறு வருடத்தை இருபத்துமூன்று நாளில் எப்படிச் சரிக்கட்டுவது?

மார்ச் 27, வியாழன்

அல்ஜீப்ரா வருகிறது. கிராஃப் அருமையாக வருகிறது. ட்ரிக்னாமெட்ரி பக்கம் போனாலே நோட்டை மூடிவிடுகிறாள். விட்டுவிடு, மற்றதைப் பார் என்றேன். சரியா தவறா, தெரியவில்லை. தூக்கமில்லாமல் டைமிங் சார்ட்டில் ஒரு வண்டியையே விட்டுவிட்டேன் இன்று. சார்லஸ்தான் திருத்தி வைத்திருந்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்குப் பரீட்சை. வெளியே வந்தவளிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள். "கிராஃபும் வடிவியலும் முழுசாப் போட்டேன். அஞ்சு மார்க்குல நாலு தெரியல. வுட்டுட்டேன்." அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு கதை கட்டியிருப்பாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நூலக விழாவில் பட்டிமன்றம். கிள்ளைக்குப் பிறகு ஆறு வாரம் அவர் எந்த மேடைக்கும் போகவில்லை. இன்று நான் போகவில்லை, இளமதி போனாள். அவள் வந்து சொன்னதை எழுதுகிறேன்.

சீட்டு வந்ததாம், எம்பத்திமூணு சொல்லுங்க என்று. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்தக் கதையில ஒரு திருத்தம் இருக்கு. எல வாங்கப் போனவன் நான். தப்பாக் கணக்குப் போட்டவன் நான். எங்க அப்பா அடிக்கு பயந்து நின்னவன் நான். என் மனைவி எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க. பதினாறு வருசமா அத நான் உங்ககிட்ட மறச்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாராம். குரல் உடைந்துவிட்டதாம்.

இதுவரை அந்தக் கதைக்கு வராத சிரிப்பு வந்ததாம். "வீட்ல பூரிக்கட்டை அடி பலம்போல" என்று ஒருவன் கத்தினானாம். எழுந்து நின்று கைதட்டினார்களாம். நடுவர், மனைவிக்கு எப்படி அஞ்சவேண்டும் என்பதற்கு நம் செந்தமிழ்செல்வன் ஒருவர் போதும் என்று தீர்ப்பிலேயே சேர்த்துக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "நம்பலடி. ஒருத்தன்கூட நம்பல." எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. இளமதி மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சிரிக்கலப்பா" என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

அந்த வீடியோவும் வந்துவிட்டது. கண்ணாயிரம்தான் காட்டினார், இப்போது அவருக்கும் விஷயம் தெரியும். "மேடம், சார இப்படி மெரட்டி வச்சிருக்கீங்களே!" மாமனார் போன் செய்தார். "ஏம்மா, கூட்டத்துல அப்படிச் சொல்லச் சொல்லி நீதான் சொன்னியா? எம் புள்ள மானம் போச்சு."

"இல்லிங்க மாமா, நெஜத்தத்தான் சொன்னாரு" என்றேன்.

"அட, வுடும்மா. அன்னிக்கி நீயே உன் வாயால சொன்னியே, நான் கேக்கலியா?" என்றார்.

வெயில் ஜாஸ்தி, மோர் குடிங்க மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 16, வெள்ளி

கணக்கு 54. தமிழ் 95. மொத்தத்தில் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அவர் இனிப்பு வாங்கி வந்தார். இளமதி மார்க்கை நாலு தரம் பார்த்தாள். "ட்ரிக்னாமெட்ரிய வுடாம இருந்திருந்தா எழுவது வந்திருக்கும்." வந்திருக்கும். விடச் சொன்னவள் நான். அதையும் ஒப்புக்கொண்டேன் அவளிடம்.

மே 21, புதன்

பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன். அவளும் நானும் மட்டும். கணக்கு உள்ள குரூப்புக்குக் கணக்கில் அறுபது மார்க்காவது வேண்டுமாம், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. ஃபாரத்தில் அவள் அந்தக் குரூப்பையேதான் எழுதினாள்.

தலைமையாசிரியை விருத்தாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மார்க் பட்டியலைப் பார்த்தார். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. கணக்குல ஏம்மா இப்பிடி?"

இளமதி தலையைக் குனிந்தாள். அவள் காது சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்க குடும்பத்துலயே கணக்கு ராசியில்லிங்க, எல்லாம் என்னய மாதிரி — முழு வாக்கியமும் நாக்கில் வந்துவிட்டது. வாயையே திறந்துவிட்டேன். சொன்னால் அவர் சிரிப்பார். நான் சிரிப்பேன். இளமதியும் நிமிர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்போடு காமர்ஸ் ஃபாரத்தை எடுத்து நீட்டுவார், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருவோம்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றையும் செய்ததில்லை. இளமதி தலை தூக்கி என்னைத்தான் பார்த்தாள், அவரை அல்ல. அவள் விழுந்துகொண்டிருக்கும்போது கை கொடுக்காமல் நிற்பதுபோல இருந்தது.

பிறகு அவரைப் பார்த்தாள். "ட்ரிக்னாமெட்ரி புரியல மிஸ். பயந்துகிட்டு ரெண்டு வருசமா படிக்கவே இல்ல. மார்ச்லதான் ஆரம்பிச்சேன். எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்கணும்."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பட்டியலை மறுபடி பார்த்தார். "மொத டெஸ்ட் வரைக்கும் வச்சுப் பாக்குறேன். அறுவதுக்குக் கொறஞ்சா மாத்திடுவேன், அழக்கூடாது."

"சரிங்க மிஸ்."

கையெழுத்துப் போட்டேன். கேட்டைத் தாண்டி ஆட்டோவுக்கு நிற்கும்போது, "நீ சொல்லிடப் போறன்னு நெனச்சேம்மா" என்றாள்.

"நானுந்தான்" என்றேன்.